ஒரே பெயர், எட்டு கார்கள்: கோல்ஃபின் தலைமுறைகளும் எஞ்சின்களும் எரிபொருள் கணக்கும்

"கோல்ஃப் லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் ஓடும்?" என்று ஒருவர் கேட்டால், "எந்த கோல்ஃப்?" என்று திருப்பிக் கேட்பதே சரியான பதிலாகும். ஜெர்மனியின் வோல்ஃப்ஸ்புர்க் ஆலையில் 1974 மார்ச் மாத இறுதியில் தயாரிப்பு தொடங்கிய ஃபோக்ஸ்வாகன் கோல்ஃப், இதுவரை எட்டுத் தலைமுறைகளைக் கண்டிருக்கிறது. அந்தப் பெயரில் 3.7 கோடிக்கும் மேற்பட்ட கார்கள் வெளிவந்திருக்கின்றன. முதல் கோல்ஃபையும் எட்டாவது கோல்ஃபையும் அருகருகே நிறுத்திப் பார்த்தால், மேல்நோக்கித் திறக்கும் பின்கதவும் அதையொட்டிய அகன்ற பக்கத்தூணும் தவிர, இரண்டும் ஒரே குடும்பம் என்று சொல்ல வேறு சான்று எளிதில் அகப்படாது.

கார்களைப் பற்றிப் புதிதாகப் படிக்கத் தொடங்குபவர்களுக்கு இந்தக் காரைவிட நல்ல பாடப்பொருள் கிடைப்பது அரிது என்று நான் கருதுகிறேன். அரை நூற்றாண்டுக் காலத்தில் குடும்பக் கார்களில் நிகழ்ந்த முக்கியமான மாற்றங்கள் ஏறக்குறைய எல்லாமே இதில் பதிவாகியிருக்கின்றன. அந்தப் பதிவை வரிசையாகப் பார்க்கும்போது ஒன்று தெளிவாகப் புலப்படுகிறது: எஞ்சின்கள் பெற்ற திறன் முழுவதும் எரிபொருள் மிச்சமாக உரிமையாளரின் கைக்கு வந்து சேரவில்லை. அதில் பெரும் பகுதி, தலைமுறைதோறும் பெரிதாகிக்கொண்டே வந்த காரைச் சுமப்பதற்குப் போயிற்று. இதைப் புரிந்துகொண்டால்தான் மைலேஜ் எண்களை ஒப்பிடுவதில் பொருள் இருக்கும்.

தலைமுறை என்றால் என்ன

ஒரு காரின் உடற்கூடு, அடித்தளம், உட்புறம் ஆகியவற்றைப் புதிதாக வடிவமைத்து அதே பெயரில் வெளியிடும்போது அது புதிய தலைமுறை எனப்படுகிறது. விளக்குகளையும் முன்புற வலையையும் மாற்றி, சில எஞ்சின்களைச் சேர்த்தோ நீக்கியோ இடைக்காலத்தில் செய்யும் புதுப்பிப்பு தலைமுறை மாற்றம் ஆகாது. அதை ஃபேஸ்லிஃப்ட் என்கிறார்கள். கோல்ஃபின் தலைமுறைகள் 1974, 1983, 1991, 1997, 2003, 2008, 2012, 2019 ஆகிய ஆண்டுகளில் அறிமுகமாயின. எட்டாவது தலைமுறைக்கு 2024இல் நடந்தது ஃபேஸ்லிஃப்ட்தான். ஒன்பதாவது தலைமுறை அன்று.

இதில் கவனிக்க வேண்டிய நுட்பம் ஒன்று உண்டு. தலைமுறை எண் மாறினால் அடித்தளமும் மாறியாக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. பிளாட்ஃபார்ம் எனப்படும் அடித்தளமே எஞ்சினை எங்கே, எந்தக் கோணத்தில் பொருத்துவது, சக்கரங்களை எப்படித் தாங்குவது, மோதலின்போது விசை எவ்வழியே பரவுவது என்பனவற்றைத் தீர்மானிக்கிறது. 2003இல் வந்த ஐந்தாம் தலைமுறை, பின்சக்கரங்களுக்குத் தனித்தனியான பல்கரத் தொங்கலமைப்பை (சஸ்பென்ஷன்) கொண்ட புதிய பிளாட்ஃபார்மின் மீது அமைந்தது. ஐந்து ஆண்டுகளில் வந்த ஆறாம் தலைமுறையும் பெரும்பாலும் அதே பிளாட்ஃபார்மின் மீதுதான் நின்றது. வெளித்தோற்றமும் உட்புறத்தின் தரமும் எஞ்சின்களும் மாறின, எலும்புக்கூடு மாறவில்லை. 2012இல் ஏழாம் தலைமுறைக்காக உருவான எம்க்யூபி என்ற பிளாட்ஃபார்மை எட்டாம் தலைமுறையும் மேம்படுத்தப்பட்ட வடிவில் பயன்படுத்துகிறது. ஆகவே, பெரிய பாய்ச்சல் எங்கே நிகழ்ந்தது என்று அறிய விரும்புபவர், தலைமுறை எண்ணோடு பிளாட்ஃபார்ம் மாறிய ஆண்டையும் சேர்த்துப் பார்ப்பது நல்லது.

முதல் தலைமுறை எவ்வளவு பெரிய துணிச்சல் என்பதை இன்று உணர்வது கடினம். அதற்கு முன்பு அந்த நிறுவனத்தின் முகமாக இருந்த பீட்டில், எஞ்சினைப் பின்புறத்தில் வைத்து, காற்றினால் குளிர்வித்து, பின்சக்கரங்களை இயக்கிய கார். கோல்ஃபில் எஞ்சின் முன்புறத்துக்கு வந்தது, காரின் அகலவாக்கில் குறுக்காகப் படுத்தது, நீரினால் குளிர்விக்கப்பட்டது, முன்சக்கரங்களை இயக்கியது. இத்தாலிய வடிவமைப்பாளர் ஜார்ஜெட்டோ ஜுஜாரோ வரைந்த கூரிய கோடுகளுடைய உடலுக்கு 3.7 மீட்டர் நீளமே இருந்தது. எஞ்சினைக் குறுக்காக வைத்தால் அதற்குத் தேவைப்படும் நீளம் குறைகிறது; அப்படி மிச்சமான நீளம் பயணிகளுக்கும் பெட்டிகளுக்கும் கிடைக்கிறது. 1973இன் எண்ணெய் நெருக்கடி முடிந்த கையோடு, சிறிய வெளிவடிவமும் பெரிய உள்ளிடமும் கொண்ட காரை ஐரோப்பா தேடிக்கொண்டிருந்த வேளையில் இது வந்தது. இன்றைய சிறு குடும்பக் கார்களில் மிகப் பெரும்பாலானவை இதே ஒழுங்கைப் பின்பற்றுகின்றன.

எரிபொருள் எங்கே போகிறது

எரிபொருளில் அடங்கியுள்ள ஆற்றலில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கோ அதற்கும் குறைவாகவோதான் சக்கரங்களை நோக்கிச் செல்கிறது. மற்றதெல்லாம் புகைக்குழாய் வழியாகவும் ரேடியேட்டர் வழியாகவும் வெப்பமாக வெளியேறிவிடுகிறது. எஞ்சினை மேம்படுத்துவது என்றால் இந்தப் பங்கைக் கூட்டுவது. அப்படிக் கிடைத்த ஆற்றலை எவ்வளவு செலவழிக்க வேண்டியிருக்கிறது என்பதோ எஞ்சினின் கையில் இல்லை. அது காரின் எடையையும் வடிவத்தையும் ஓட்டுபவரின் வேகத்தையும் பொறுத்தது.

நின்று நின்று கிளம்பும் நகரப் போக்குவரத்தில் எடையே முதல் எதிரி. ஒவ்வொரு முறை கிளம்பும்போதும் அந்த எடை முழுவதையும் வேகப்படுத்த வேண்டும். அதற்குச் செலவழித்த ஆற்றல் அடுத்த சிவப்பு விளக்கில் பிரேக்கின் வெப்பமாகக் கரைந்துவிடும். டயர்கள் உருளும்போது ஏற்படும் தடையும் எடைக்கு ஏற்பவே கூடும். நெடுஞ்சாலையில் நிலைமை வேறு; அங்கே காற்றே பெரிய சுமை. காற்றுத் தடை வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடுவதால், மணிக்கு 60 கி.மீ.யில் இருந்த தடை 120 கி.மீ.யில் நான்கு மடங்காகிறது. ஆகையால், ஒரே கார் நகரத்தில் ஓர் எண்ணையும் நெடுஞ்சாலையில் இன்னோர் எண்ணையும் தருவதில் வியப்பில்லை.

இந்த இரண்டு அளவுகோல்களையும் கோல்ஃபின் மீது வைத்துப் பார்ப்போம். காற்றுத் தடையில் கோல்ஃப் நன்றாகவே முன்னேறியது. வடிவம் காற்றை எவ்வளவு எளிதாகக் கிழிக்கிறது என்பதைக் காட்டும் இழுவைக் குணகம் முதல் தலைமுறையில் 0.42 ஆக இருந்தது. அது இரண்டாவதில் 0.34 ஆகவும், மூன்றாவதில் 0.30 ஆகவும், எட்டாவதில் 0.275 ஆகவும் குறைந்தது. இடையில் காரின் அகலம் 1.61 மீட்டரிலிருந்து 1.79 மீட்டராகக் கூடியதால், காற்றை எதிர்கொள்ளும் முகப்பரப்பும் பெருகி அந்த ஆதாயத்தில் ஒரு பகுதியைத் திரும்ப எடுத்துக்கொண்டது.

எடையின் கதைதான் மனதை வருத்துவது. எளிய வகை முதல் கோல்ஃப் 800 கிலோவுக்கும் குறைவானது. எட்டாம் தலைமுறையின் மிகச் சிறிய எஞ்சின் கொண்ட வகையும் 1,200 கிலோவைத் தாண்டுகிறது. நீளம் 3.70 மீட்டரிலிருந்து 4.28 மீட்டராக வளர்ந்துவிட்டது. கோல்ஃபின் தம்பி என்று சொல்லத்தக்க போலோவே இன்று 4 மீட்டரைக் கடந்து, முதலிரண்டு கோல்ஃப்களையும்விட நீளமாக நிற்கிறது. இந்த எடை வீணாக ஏறியதன்று. மோதலைத் தாங்கும் வலுவான உடற்கூடு, காற்றுப் பைகள், சக்கரம் பூட்டிக்கொள்ளாத பிரேக் அமைப்பு, கார் வழுக்கும்போது நிலைப்படுத்தும் மின்னணு அமைப்பு, ஓசைத் தடுப்பு, குளிர்சாதனம், மின்விசையால் நகரும் இருக்கைகள் என்று ஒவ்வொன்றும் சில கிலோக்களைச் சேர்த்தது. இவற்றுள் முதல் நான்கைக் குறித்து எவரும் குறை சொல்ல முடியாது; 1974இன் காரில் நிகழும் மோதலையும் இன்றைய காரில் நிகழும் மோதலையும் ஒரே தட்டில் வைக்க இயலாது. கடைசி இரண்டைப் பற்றி அவரவர் முடிவு செய்துகொள்ளலாம்.

இந்த எடைக் கூடுதலின் விளைவைக் காட்ட ஜிடிஐ என்ற வேக வகையே தெளிவான சான்று. 1976இல் வந்த முதல் ஜிடிஐ, 1.6 லிட்டர் எஞ்சினில் 110 குதிரைத்திறன் கொண்டது. எடை சுமார் 810 கிலோ. 5,000 கார்கள் விற்றால் போதும் என்ற கணக்கில் தொடங்கப்பட்ட அது, பின்னர் பல லட்சம் விற்றது. 1990களின் தொடக்கத்தில் வந்த மூன்றாம் தலைமுறை ஜிடிஐயின் அடிப்படை வகைக்கு 2.0 லிட்டர் எஞ்சினும் 115 குதிரைத்திறனும் இருந்தன. எடையோ 1,000 கிலோவைத் தாண்டிவிட்டது. எஞ்சின் பெரிதாகியும், திறன் கூடியும், ஒவ்வொரு குதிரையும் இழுக்க வேண்டிய சுமை அதிகமாகவே இருந்தது. அந்தக் காலத்து ஆர்வலர்கள் அதை மந்தமான கார் என்று குறைகூறியதற்கு இந்தக் கணக்கே காரணம்.

இந்தப் போக்கு முதன்முதலாகப் பின்வாங்கியது 2012இல்தான். ஏழாம் தலைமுறை, தனக்கு முந்தையதைவிடச் சற்று நீளமாக இருந்தும், வகையைப் பொறுத்து 100 கிலோ வரை இலேசாக வந்தது. சூடான நிலையில் அழுத்தி உருவாக்கப்படும் உயர்வலிமை எஃகை அதிக அளவில் பயன்படுத்தியதால், மெல்லிய தகட்டிலேயே முன்பிருந்த வலிமை கிடைத்தது. எட்டு தலைமுறைகளில் பொறியியல் நோக்கில் எனக்கு மிகவும் மதிப்புக்குரியது இந்த ஏழாவதுதான்.

எஞ்சின்கள் கடந்து வந்த பாதை

முதல் கோல்ஃப் 1.1 லிட்டரில் 50 குதிரைத்திறனும், 1.5 லிட்டரில் 70 குதிரைத்திறனும் கொண்ட இரண்டு பெட்ரோல் எஞ்சின்களோடு தொடங்கியது. கார்புரேட்டர் மூலம் காற்றோடு எரிபொருளைக் கலந்து உறிஞ்சும் எளிய எஞ்சின்கள் அவை. 1976இல் சேர்ந்த 1.5 லிட்டர் டீசல் எஞ்சின்தான் சிக்கனக் கதையின் உண்மையான தொடக்கம். அதன் திறன் 50 குதிரைகளே, ஓசை மிகுதி, வேகம் பிடிக்க நெடுநேரம் எடுக்கும். ஆயினும் 100 கிலோமீட்டருக்கு ஏறத்தாழ ஆறரை லிட்டரே போதுமானதாக இருந்தது. டிராக்டர்களுக்கும் டாக்சிகளுக்கும் உரியதாகக் கருதப்பட்ட டீசலைச் சிறிய குடும்பக் காருக்கு உரியதாக மாற்றியதில் அந்த எஞ்சினுக்குப் பெரும் பங்குண்டு.

டீசல் ஏன் குறைவாகக் குடிக்கிறது என்பதை இங்கே விளக்க வேண்டும். பெட்ரோல் எஞ்சினில் வேகத்தைக் குறைக்க வேண்டுமானால், உள்ளே நுழையும் காற்றின் வழியை த்ராட்டில் என்னும் தட்டு அடைக்கிறது. பாதி மூடிய வாயால் மூச்சிழுப்பதுபோல, பிஸ்டன் ஒவ்வொரு முறையும் அந்தத் தடைக்கு எதிராகக் காற்றை இழுக்க வேண்டியிருப்பதால், எஞ்சினின் ஆற்றலில் ஒரு பகுதி அதற்கே வீணாகிறது. டீசல் எஞ்சினில் காற்று தடையின்றி நுழைகிறது. தெளிக்கும் எரிபொருளின் அளவு மட்டுமே கூடிக் குறைகிறது. தீப்பொறி இல்லாமல், காற்றை மிகக் கடுமையாக அழுத்தும்போது உண்டாகும் வெப்பத்தாலேயே எரிபொருள் பற்றிக்கொள்ள வேண்டும் என்பதால், சிலிண்டருக்குள் வந்த காற்று எத்தனை மடங்கு சுருக்கப்படுகிறது என்பதைக் காட்டும் அழுத்த விகிதமும் அதில் உயர்ந்தது. அழுத்த விகிதம் உயர உயர, எரிந்த வாயு பிஸ்டனைத் தள்ளி விரிவடையும் அளவும் கூடி, வெப்பத்திலிருந்து கிடைக்கும் வேலையும் கூடுகிறது. இவற்றோடு, ஒரு லிட்டர் டீசலில் ஒரு லிட்டர் பெட்ரோலைவிடப் பத்து விழுக்காட்டுக்கும் சற்று அதிகமான ஆற்றல் அடங்கியிருக்கிறது என்பதையும் மறக்கலாகாது. லிட்டர் கணக்கில் மட்டும் ஒப்பிட்டால் டீசலுக்கு இந்தச் சலுகையும் சேர்ந்துவிடுகிறது.

பின்னர் கோல்ஃபில் அடுத்தடுத்து நிகழ்ந்த பெட்ரோல் முன்னேற்றங்களில் பலவும், டீசலுக்கு இயல்பாக வாய்த்த இந்த நற்குணங்களைப் பெட்ரோலுக்கு எப்படிக் கொண்டுவருவது என்ற தேடலே. அதற்கு முன், இரண்டாம் தலைமுறையின் காலத்தில் ஒரு பின்னடைவு வந்தது. நச்சுப் புகையைக் குறைக்க 1980களில் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் வந்தபோது, எஞ்சின் எப்போதும் ஒரு பங்கு பெட்ரோலுக்கு 14.7 பங்கு காற்று என்ற எடை விகிதத்தை ஒட்டியே ஓட வேண்டியதாயிற்று. விகிதம் விலகினால் கன்வெர்ட்டர் தன் வேலையைச் செய்யாது. 16 வால்வு கொண்ட ஜிடிஐ எஞ்சின் கன்வெர்ட்டர் இல்லாமல் 139 குதிரைத்திறன் தந்தது. அதைப் பொருத்தியபோது 129 ஆகக் குறைந்தது. அந்த இழப்பைப் பின்னடைவு என்று சொன்னேனே ஒழிய, தவறு என்று சொல்லவில்லை. நகரத்துக் காற்றுக்கு அது கொடுத்த விலை நியாயமானது. கார்புரேட்டரின் காலம் முடிந்து, ஆக்சிஜன் உணரியோடு கூடிய மின்னணு எரிபொருள் செலுத்தும் முறை எங்கும் பரவியதற்கும் அதுவே காரணமாயிற்று.

டீசலின் பெரும் பாய்ச்சல் 1993இல் மூன்றாம் தலைமுறையில் நிகழ்ந்தது. பழைய டீசல் எஞ்சினில், எரிபொருள் முதலில் ஒரு சிறு பக்க அறையில் தெளிக்கப்பட்டு, அங்கே பற்றி, பிறகே சிலிண்டருக்குள் பரவும். ஓசை குறைவதற்காகச் செய்த இந்த ஏற்பாட்டால், சிறு அறையின் சுவர்கள் வழியே வெப்பம் இழக்கப்பட்டது. 1.9 லிட்டர் டிடிஐ எஞ்சின் அந்த அறையை நீக்கி, பிஸ்டனின் தலையில் குடையப்பட்ட குழிக்குள் நேரடியாகத் தெளித்தது. டர்போ மூலம் காற்றையும் அழுத்திக் கொடுத்தது. 90 குதிரைத்திறன் கொண்ட ஓர் எஞ்சின், 100 கி.மீ.க்கு சுமார் 5 லிட்டரில் ஒரு டன்னுக்கும் மேலான காரை நகர்த்தியது அக்காலத்தில் பலருக்கும் நம்ப முடியாததாக இருந்தது. டர்போ என்பது, வீணாக வெளியேறும் புகையின் விசையால் ஒரு சிறு சக்கரத்தைச் சுழற்றி, அதன் மறுமுனையில் உள்ள விசிறியால் உள்ளே நுழையும் காற்றைத் திணிக்கும் கருவி. அடுத்து, நான்காம் தலைமுறையில் ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனி பம்ப் வைத்து 2,000 பாருக்கும் (ஒரு பார் ஏறத்தாழ வளிமண்டல அழுத்தத்துக்குச் சமம்) மேற்பட்ட அழுத்தத்தில் டீசலைத் தெளித்தார்கள். ஆறாம் தலைமுறையில் அதைக் கைவிட்டு, எல்லாச் சிலிண்டர்களுக்கும் பொதுவான குழாயில் அழுத்தத்தைத் தேக்கிவைக்கும் காமன் ரெயில் முறைக்கு மாறினார்கள். ஓசை வெகுவாகக் குறைந்தது.

பெட்ரோலின் பக்கம் 2005ஆம் ஆண்டு முக்கியமானது. ஐந்தாம் தலைமுறையில் அறிமுகமான 1.4 லிட்டர் டிஎஸ்ஐ எஞ்சினில், குறைந்த சுழற்சியில் உதவுவதற்கு எஞ்சினே பெல்ட் மூலம் இயக்கும் சூப்பர்சார்ஜர் ஒன்றும், உயர்ந்த சுழற்சியில் உதவுவதற்கு டர்போ ஒன்றும் சேர்ந்து 170 குதிரைத்திறனைத் தந்தன. இதன் பின்னாலுள்ள எண்ணம் எளியது: சாதாரண ஓட்டத்துக்குச் சிறிய எஞ்சினே போதும், வேகம் கேட்கும் சில நொடிகளுக்கு மட்டும் காற்றைத் திணித்து அதைப் பெரிய எஞ்சினாக்கிக்கொள்ளலாம். சிறிய எஞ்சினில் உராய்வு குறைவு. அது தன் திறனுக்கு நெருக்கமாக உழைப்பதால் த்ராட்டில் அதிகம் திறந்திருக்கும். மூச்சிழுப்பு இழப்பும் குறைகிறது. இந்த வழியில் போய், எட்டாம் தலைமுறையின் மூன்று சிலிண்டர் கொண்ட 1.0 லிட்டர் எஞ்சின், 1976இன் 1.6 லிட்டர் ஜிடிஐயின் அதே 110 குதிரைத்திறனைத் தந்தது. ஒரு காலத்தில் சாலையில் முந்திச் செல்ல மட்டுமே வாங்கப்பட்ட திறன், இன்று பள்ளிக்கும் கடைக்கும் போகும் காரின் அடிப்படைத் திறனாகிவிட்டது.

ஏழாம் தலைமுறையின் 1.4 லிட்டர் எஞ்சின் இன்னும் ஒரு படி சென்றது. சுமை குறைவாக இருக்கும்போது நான்கு சிலிண்டர்களில் நடுவிலுள்ள இரண்டின் வால்வுகள் மூடப்பட்டு, அவை வெறுமனே சுழன்றுகொண்டிருக்கும். மற்ற இரண்டும் கடினமாக உழைத்து, த்ராட்டிலை அகலத் திறக்கச் செய்யும். சேமிப்பு 100 கி.மீ.க்கு 0.4 லிட்டர் அளவில் இருக்கும் என்று நிறுவனம் கணக்கிட்டது. 2017இல் வந்த 1.5 லிட்டர் எஞ்சினின் 130 குதிரைத்திறன் வகை, மில்லர் சுழற்சி என்ற உத்தியைப் பயன்படுத்தியது. அதில் காற்று நுழையும் வால்வு வழக்கத்தைவிட முன்னதாகவே மூடிக்கொள்கிறது. அழுத்தப்படும் காற்றின் அளவு குறைவதால், எரிபொருள் காலம் தவறித் தானே பற்றிக்கொள்ளும் ஆபத்து தணிகிறது. அதனால் அழுத்த விகிதத்தை 12.5 வரை உயர்த்த முடிந்தது. டர்போ பெட்ரோல் எஞ்சினுக்கு இது மிக உயர்ந்த எண். டீசலுக்கும் பெட்ரோலுக்கும் இடையே இருந்த பெரிய இடைவெளி இப்படித்தான் படிப்படியாகச் சுருங்கியது.

எட்டாம் தலைமுறையில் சில வகைகளுக்கு 48 வோல்ட் அமைப்பு சேர்ந்தது. பெல்ட்டோடு இணைந்த ஒரு மின்கருவி, வேகம் குறைக்கும்போது ஜெனரேட்டராக மாறிச் சிறிய பேட்டரியில் மின்சாரம் சேமிக்கிறது. கிளம்பும்போது மோட்டாராக மாறி எஞ்சினுக்குத் தோள் கொடுக்கிறது. சமதளத்தில் வேகத்தோடு மிதந்து செல்லும்போது எஞ்சினை முழுவதும் அணைத்து வைக்கவும் வழி செய்கிறது. பிரேக்கில் வெப்பமாகக் கரைந்த ஆற்றலில் ஒரு துளியையாவது மீட்பதே இதன் நோக்கம். இது மின்சாரத்தால் மட்டுமே காரை ஓட்டும் ஏற்பாடு அன்று.

அறிக்கையிலும் சாலையிலும்

ஐரோப்பாவில் எரிபொருள் செலவை 100 கிலோமீட்டருக்கு இத்தனை லிட்டர் என்று எழுதுவார்கள். எண் குறைவாக இருப்பது நல்லது. நமக்குப் பழக்கமான மைலேஜ் வேண்டுமானால் 100ஐ அந்த எண்ணால் வகுத்தால் போதும்: 5 லிட்டர் என்றால் லிட்டருக்கு 20 கி.மீ.; 8 லிட்டர் என்றால் 12.5 கி.மீ. இரண்டும் ஒன்றுதான் என்று தோன்றினாலும், மைலேஜ் எண் நம் மதிப்பீட்டைச் சற்றே தடுமாறச் செய்யும். 10 கி.மீ. தந்த கார் 12.5 கி.மீ. தரத் தொடங்கினால், 100 கி.மீ. பயணத்தில் 2 லிட்டர் மிச்சம். 20 கி.மீ. தந்த கார் 25 கி.மீ. தரத் தொடங்கினால், முன்னேற்றம் இருமடங்காகத் தெரிந்தாலும், மிச்சம் 1 லிட்டரே. செலவைக் கணக்கிட விரும்புபவருக்கு ஐரோப்பிய முறையே நேர்மையானது என்பது என் கருத்து.

கார் நிறுவனம் வெளியிடும் அறிக்கையில் ஒரு கிலோமீட்டருக்கு இத்தனை கிராம் கார்பன் டை ஆக்சைடு என்றொரு எண்ணும் இருக்கும். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் சுமார் 2.3 கிலோவும், ஒரு லிட்டர் டீசல் எரிந்தால் சுமார் 2.6 கிலோவும் அந்த வாயு உண்டாகிறது. ஆறாம் தலைமுறையில் சிக்கனத்துக்கென்றே உருவான 1.6 லிட்டர் டீசல் புளூமோஷன் வகைக்கு 3.8 லிட்டர், 99 கிராம் என்று அறிவித்தார்கள். ஏழாம் தலைமுறையின் அதே வகைக்கு 3.2 லிட்டர், 85 கிராம். பெருக்கிப் பார்த்தால் இரண்டு எண்களும் ஒன்றோடொன்று பொருந்துவதைக் காணலாம்.

3.2 லிட்டர் என்றால் லிட்டருக்கு 31 கி.மீ.! அதைச் சாலையில் கண்டவர் மிகச் சிலரே. காரணம், அந்த எண்ணை அளந்த என்இடிசி என்ற சோதனை முறை. ஆய்வகத்தின் உருளைகள் மீது 20 நிமிடங்களில் 11 கி.மீ. தொலைவு ஓட்டப்பட்ட அந்தச் சோதனையின் சராசரி வேகம் மணிக்கு 34 கி.மீ. அளவே. வேகம் கூட்டுவதெல்லாம் எந்த ஓட்டுநரும் சாலையில் காட்டாத நிதானத்தில் நடந்தது, 120 கி.மீ. வேகம் சில நொடிகளே நீடித்தது. எஞ்சின்களும் அந்தச் சோதனைக்கு ஏற்பவே மெருகேற்றப்பட்டன. 2017 செப்டம்பரில் புதிய வகைகளுக்கும், ஓராண்டு கழித்து எல்லாப் புதிய கார்களுக்கும் டபிள்யூஎல்டிபி என்ற முறை கட்டாயமானது. இதில் 30 நிமிடங்களில் 23 கி.மீ.க்கும் சற்று அதிகமான தொலைவு ஓடுகிறது. உச்ச வேகம் 130 கி.மீ.யைத் தாண்டுகிறது. கூடுதலாகப் பொருத்தப்பட்ட கருவிகளின் எடையும் கணக்கில் வருகிறது. ஆகவே, ஏழாம் தலைமுறையின் பழைய அறிக்கையில் உள்ள எண்ணையும் எட்டாம் தலைமுறையின் எண்ணையும் நேராக ஒப்பிட்டு, புதிய கார் அதிகம் குடிக்கிறது என்று முடிவுகட்டுவது பிழை. அளவுகோல்தான் மாறியிருக்கிறது.

டீசலைப் பற்றிப் பேசும்போது 2015 செப்டம்பரில் வெளிவந்த முறைகேட்டைத் தவிர்க்க முடியாது. சோதனை நடைபெறுவதை மென்பொருள் உணர்ந்துகொண்டு, அப்போது மட்டும் நைட்ரஜன் ஆக்சைடுகள் என்னும் நச்சு வாயுக்களைக் கட்டுப்படுத்தும் அமைப்பை முழுமையாக இயக்கியது என்பதை ஃபோக்ஸ்வாகன் ஒப்புக்கொண்டது. உலகெங்கும் ஏறக்குறைய 1.1 கோடி வாகனங்கள் இதில் அடங்கின. கோல்ஃபின் டீசல் வகைகளும் அவற்றுள் இருந்தன. இது எரிபொருள் செலவு பற்றிய முறைகேடு அன்று. ஆனால் இரண்டுக்கும் தொடர்புண்டு. டீசல் எஞ்சினில் எரிதல் சூடாகவும் சிக்கனமாகவும் நடந்தால் நைட்ரஜன் ஆக்சைடுகள் பெருகும். அவற்றைக் குறைக்க முயன்றால் சிக்கனத்திலோ செலவிலோ விட்டுக்கொடுக்க வேண்டியிருக்கும். எட்டாம் தலைமுறை டீசல், யூரியாக் கரைசலைப் புகைக்குழாயில் இரண்டு இடங்களில் தெளித்து, இரண்டு வினையூக்கிகள் வழியே புகையைச் செலுத்தி இந்தச் சிக்கலைத் தீர்க்கிறது. முன்பே செய்திருக்க வேண்டிய வேலை அது.

சாலையில் உண்மையில் செலவாகும் எரிபொருளைக் காருக்குள்ளேயே பதிவு செய்யும் கருவி 2021 முதல் ஐரோப்பாவில் எல்லாப் புதிய பெட்ரோல், டீசல் கார்களிலும் கட்டாயமாகியிருக்கிறது. அவற்றிலிருந்து திரட்டிய தரவுகளை ஐரோப்பிய ஆணையம் 2024இல் வெளியிட்டபோது, பெட்ரோல், டீசல் கார்கள் டபிள்யூஎல்டிபி எண்ணைவிடச் சராசரியாக ஐந்தில் ஒரு பங்கு அதிகம் குடிப்பது தெரியவந்தது. அறிக்கையில் 5 லிட்டர் என்றிருந்தால் 6 லிட்டர் என்று எடுத்துக்கொள்வது நடைமுறைக்கு ஒத்துவரும். வெளியிலிருந்து சார்ஜ் செய்யக்கூடிய பிளக்-இன் ஹைபிரிட் கார்களிலோ உண்மைச் செலவு அறிவித்ததைப் போல மூன்றரை மடங்காக இருந்தது. ஏழாம் தலைமுறையின் ஜிடிஇ என்ற பிளக்-இன் வகைக்குப் பழைய சோதனையில் கிடைத்த 1.5 லிட்டர் என்ற எண், பேட்டரி நிறைந்த நிலையில் கிளம்பி, பெரும்பகுதி மின்சாரத்தில் ஓடுவதாகக் கொண்டு கணக்கிடப்பட்டது. சார்ஜ் செய்யாமல் ஓட்டுபவருக்கு அந்த எண் ஒருபோதும் கிடைக்காது. எட்டாம் தலைமுறையின் புதுப்பிக்கப்பட்ட பிளக்-இன் வகைகளில் பேட்டரியின் கொள்ளளவு 19.7 கிலோவாட்-மணியாக உயர்ந்து, மின்சாரத்தில் மட்டும் 100 கி.மீ.க்கு மேல் செல்ல முடிகிறது. அன்றாடப் பயணம் அந்தத் தொலைவுக்குள் முடிந்து, இரவில் சார்ஜ் செய்யவும் இயன்றால், எஞ்சின் பல நாட்கள் விழிக்கவே வேண்டியதில்லை. சார்ஜ் செய்யாவிட்டால், பேட்டரியையும் மோட்டாரையும் சேர்த்து முதல் கோல்ஃபைப் போல இருமடங்கு எடையுள்ள ஒரு காரை, 1.5 லிட்டர் பெட்ரோல் எஞ்சின் தனியாக இழுத்துச் செல்ல வேண்டியிருக்கும்.